சில்லு வடிவமைப்பில் டிசிஎல் மொழி: பினாங்கில் அதை அடுத்து ஏந்தப் போவது யார்?

பிறைவாசி (செபராங் பிறை)

அனைவருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லு வடிவமைப்பில் பணிபுரியும் தமிழர்கள் இக்குழுவில் பலர் இருப்பதால், நெடுநாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். நம் அலுவலகங்களில் நாள்தோறும் எழுதப்படும் டிசிஎல் (Tcl) என்னும் கட்டளை நிரல்மொழிக்குப் பயன்பாட்டில் எக்குறையும் இல்லை. ஆனால் அதைத் தம்முடைய மொழி என்று கருதி, கற்று, கற்பித்து, அதன் வளர்ச்சியில் பங்கெடுக்கும் ஒரு கூட்டம் நம் ஊரில் உருவாகவே இல்லை.

இம்மொழி பிறந்ததே நம் துறையில்தான். 1980களில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஓஸ்டர்ஹவுட்டும் அவருடைய மாணவர்களும் மேஜிக் முதலிய சில்லு வடிவமைப்புக் கருவிகளை உருவாக்கியபோது, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே ஓர் அரைகுறைக் கட்டளைமொழியை எழுதவேண்டியிருந்தது. எக்கருவிக்குள்ளும் பொருத்திக்கொள்ளத்தக்க ஒரே கட்டளைமொழியை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு 1988இல் அவர் தொடங்கியதே டிசிஎல். இன்று சினாப்சிஸ், கேடென்ஸ், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்களின் கருவிகளும், எஃப்பிஜிஏ (வாங்கியபின் நாமே உள்ளமைக்கத்தக்க சில்லு) துறையின் விவாடோ, குவார்ட்டஸ் போன்றவையும் அதே மொழியில்தான் கட்டளைகளை ஏற்கின்றன. கடிகாரத்தின் கால அளவு முதற்கொண்டு எல்லா நேரக் கட்டுப்பாடுகளையும் நாம் எழுதிவைக்கும் எஸ்டிசி கோப்பும் டிசிஎல் இலக்கணப்படி அமைந்ததே.

இருந்தும், புதிதாக வேலைக்கு வரும் பொறியாளரிடம் நாம் செய்வது என்ன? முன்னவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான வரிகளைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்து எழுதிக்கொள் என்கிறோம். அவரும் படியெடுக்கிறார். கணக்கிடும் எக்ஸ்பிஆர் கட்டளைக்குத் தரும் கணக்கை {} என்னும் நெளிவடைப்புக்குள் இடுவதற்கும் இடாமல் விடுவதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களில் பலரும் விழிக்கிறார்கள். அடைப்பில்லாவிட்டால் மாறிகளின் மதிப்பு இருமுறை பதிலிடப்படும். முன்கூட்டியே தொகுத்துவைக்க இயலாததால் ஓட்டம் மெதுவாகும். மாறிக்குள் சதுர அடைப்பு ஏதேனும் வந்துவிட்டால் அது கட்டளையாகவே இயங்கிவிடும். இம்மூன்றையும் அறியாமல் எழுதப்பட்ட வரிகளால்தான் இரவெல்லாம் ஓடவேண்டிய வேலைகள் மறுநாள் மதியம்வரை ஓடுகின்றன.

இதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. டிசிஎல் மொழியின் உரிமம் மிகத் தாராளமானது; எவரும் எடுத்துத் தம் கருவிக்குள் பொருத்தி விற்கலாம், எதையும் திருப்பித் தரவேண்டியதில்லை. அத்தாராளமே அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அதே தாராளத்தால்தான், நாம் எழுதும் யாவும் நிறுவனச் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியச் செமிகண்டக்டர் திட்டம் 60,000 பொறியாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. அவர்களில் வடிவமைப்புக்கு வருவோர் எவரிடம் இதைக் கற்பார்கள்? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கணிமாலை (கோலாலம்பூர்)

வணக்கம் பிறைவாசி. உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் முடிவோடு உடன்பட இயலவில்லை. ஒரு நிரல்மொழியைக் காப்பது என்பது அதன் பயனர்களுக்கு நன்மை செய்வதாக இருக்கவேண்டும். இன்றைய மாணவர்கள் பைத்தான் அறிந்தவர்களாக வருகிறார்கள். திறந்தமூல வடிவமைப்பு உலகிலேயே ஓப்பன்லேன் என்னும் சில்லு வடிவமைப்புத் தொகுப்பு முதலில் டிசிஎல் மொழியில் எழுதப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பைப் பைத்தானில் புதிதாக எழுதிவிட்டார்கள். காற்று வீசும் திசை அதுதான். மாணவர்களின் நேரம் அளவுக்குட்பட்டது. அதைக் கருவி நிறுவனங்களே இன்னும் பத்தாண்டில் கைவிடக்கூடிய ஒன்றின்மீது செலவிடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் எழுதுவதில் பெரும்பகுதி நிறுவனத்தின் உடைமை. அதை வெளியே கொண்டுவந்தால் வேலை போகும். வெளியே காட்ட எதுவுமில்லாதவர்கள் எப்படிக் கூட்டமாகச் சேர்வார்கள்?

பழைய முனையம் (ஜார்ஜ்டவுன்)

நண்பர் கணிமாலை சொல்வதுபோல் எல்லாம் பைத்தானுக்கு மாறிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படி மாற்றுவதற்கும் பழையதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். நான் பணியாற்றிய ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் நடந்ததைக் கூறுகிறேன்.

அங்கே இயந்திரப் பதிவுகளை மாதவாரியாகத் தொகுக்கும் டிசிஎல் நிரல் ஒன்று இருந்தது. சனவரியில் எழுதி, சோதித்து, நிறுவினார்கள். சூலை இறுதிவரை குறையின்றி ஓடியது. ஆகஸ்டு முதல் நாள் நின்றுவிட்டது. இயந்திரத்தைச் சந்தேகித்தார்கள், வலையமைப்பைச் சந்தேகித்தார்கள், இரவு முறைக்காரரையும் விசாரித்தார்கள். உண்மையில், மாதத்தின் எண் 08 என்ற எழுத்துச் சரமாக வந்தது. டிசிஎல் 8 வரிசைப் பதிப்புகள் சுழியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் கொண்ட) எண்ணாகக் கொள்ளும். எட்டடிமானத்தில் 8, 9 ஆகிய இலக்கங்களே இல்லை. ஆகவே 01 முதல் 07 வரை எவ்வித இடையூறும் தெரியாது, 08 வந்ததும் பிழை, 09இலும் பிழை, 10 வந்தால் மீண்டும் தானாகச் சரியாகிவிடும்.

பிழைகாட்டி நின்றது நற்பேறு என்பேன். அதே நிரலில் தொகுதி எண் 012 என்று வந்த இடங்களில் அது ஓசையின்றி 10 என்றே கணக்கிட்டிருந்தது. 2024 செப்டம்பரில் வெளியான டிசிஎல் 9.0 இவ்விதியை மாற்றிவிட்டது: 012 என்றால் இனிப் பன்னிரண்டுதான். எட்டடிமானம் வேண்டுவோர் சுழியத்தை அடுத்து ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதவேண்டும். இம்மாற்றம் நல்லது. ஆனால் பழைய நிரலை 9.0க்கோ பைத்தானுக்கோ கொண்டுசெல்பவருக்கு, பழைய விடை எவ்விடத்தில் ஏன் அப்படி வந்தது என்பது தெரிந்திருக்கவேண்டும். அறியாதவர் மாற்றினால், முன்பு சரியாக இருந்தது தவறாகும், தவறாக இருந்தது அப்படியே பெயர்ந்து வரும்.

நிபோங்மாணவி (நிபோங் தெபால்)

ஐயா, அண்ணா, வணக்கம். நான் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் மின்னணுவியல் பயில்கிறேன். தொழிற்பயிற்சிக்குச் சென்ற என் மூத்த மாணவர்கள் அனைவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே செய்தியைக் கூறினார்கள்: முதல் வாரமே டிசிஎல் கோப்பு கைக்கு வரும், விளக்க எவருக்கும் நேரமிருக்காது. நானாகவே தேடியபோது, இம்மொழியின் முழு இலக்கணமும் கையேட்டில் பன்னிரண்டு விதிகளாக ஒரே பக்கத்தில் இருப்பதைக் கண்டு வியந்தேன். இருமுறை படித்ததும் மேற்கோள் குறிக்கும் நெளிவடைப்புக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிட்டது. எனக்கு விளங்காதது, அதைப் பயன்படுத்திப் பார்க்க ஓர் உண்மையான வடிவமைப்பு எங்கே கிடைக்கும் என்பதே. கருவிகளின் உரிமம் வளாகத்து ஆய்வுக்கூடத்தில் மட்டுமே உண்டு, வீட்டில் இல்லை. கணிமாலை ஐயா சொன்ன உடைமைச் சிக்கல் எங்களுக்கும் உண்டு.

பிறைவாசி

தங்கை, அதற்கு இன்று வழி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை இல்லை. 2020இல் ஸ்கைவாட்டர் நிறுவனமும் கூகிளும் இணைந்து 130 நானோமீட்டர் உற்பத்திமுறைக்குரிய வடிவமைப்புத் தரவுகளைப் பொதுவில் வெளியிட்டன. நேரப் பகுப்பாய்வுக்கு ஓப்பன்எஸ்டிஏ இருக்கிறது. இடவமைவு முதல் இணைப்புவரை அனைத்துக்கும் ஓப்பன்ரோடு இருக்கிறது. இரண்டும் டிசிஎல் கட்டளைகளால் இயங்குபவை. இரண்டையும் கட்டணமின்றி நிறுவலாம். நாம் அலுவலகத்தில் எழுதும் அதே எஸ்டிசி கட்டளைகளை அங்கே எழுதிப் பார்க்கலாம். ஒரு சிறு எண்ணியை (துடிப்புகளை எண்ணும் சுற்று) எடுத்துக்கொண்டு, 10 நானோநொடிக் கடிகாரம் ஒன்றை வரையறுத்து, நேர அறிக்கையைப் பெற்று, பின் கடிகாரத்தை 2 நானோநொடிக்குக் குறைத்துப் பாருங்கள். எந்தப் பாதை முதலில் பிந்துகிறது என்பது கண்முன் தெரியும். அதன்பின் எஸ்டிசி கோப்பை எவரும் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

நண்பர் கணிமாலைக்கும் இதுவே என் மறுமொழி. நிறுவன நிரலை எவரும் வெளியே கொண்டுவர வேண்டாம். அலுவலகத்தில் நாம் கற்றுக்கொண்ட முறையை, பொதுத் தரவின்மீது, ஓய்வு நேரத்தில், சொந்தக் கணினியில் புதிதாக எழுதிக்காட்டினால் போதும். அதிலும் பணி ஒப்பந்தத்தில் தடை ஏதும் உண்டா என்பதை ஒவ்வொருவரும் முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். ஓப்பன்லேன் பைத்தானுக்கு மாறியது உண்மைதான். ஆனால் அதன் அடியில் ஓப்பன்ரோடு இயங்குகிறது. அதற்குத் தரப்படும் நேரக் கட்டுப்பாடுகள் இன்றும் எஸ்டிசி கோப்பிலேயே எழுதப்படுகின்றன. வேலையின் வரிசையைப் பைத்தான் நடத்தட்டும். கடிகாரத்தை வரையறுக்கும் வரியைப் புரிந்துகொள்ளும் கடமை அதனால் குறைந்துவிடாது.

ஆயர்ஈத்தாம் (பினாங்குத் தீவு)

இவ்விழையில் ஒரு பக்கம் மட்டும் பேசப்படுகிறது என்று தோன்றுவதால் எழுதுகிறேன். டிசிஎல் என்றால் சில்லுக் கருவி மட்டுமன்று. ஜிசிசி தொகுப்பியின் சோதனைகள் டெஜாக்னூ வழியாகவே நடக்கின்றன. டெஜாக்னூ, எக்ஸ்பெக்ட் என்னும் டிசிஎல் நீட்சியின்மீது அமைந்தது. கைப்பேசி ஒவ்வொன்றிலும் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் தொடக்கத்தில் டிசிஎல் மொழிக்கான நீட்சியாகவே எழுதப்பட்டது. அதன் மேம்பாட்டின்போது முதன்மையாக ஓட்டப்படும் சோதனைகள் இன்றும் டிசிஎல் நிரல்களே. பைத்தானோடு வரும் டிகேஇன்டர் சாளரங்களுக்கு அடியிலும் டிசிஎல்தான் ஓடுகிறது. பைத்தான் கற்ற மாணவர் அதைத் தம்மையறியாமல் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பார்.

நம் கூட்டம் ஏன் சேரவில்லை என்ற கேள்விக்கு என் விடை வேறு. இம்மொழியின் வளர்ச்சி நிறுவனம் எதனாலும் நடத்தப்படவில்லை. ஓஸ்டர்ஹவுட் விலகிக்கொண்டபின், 2000 முதல் மையக் குழு ஒன்று அதை நடத்துகிறது. மாற்றம் வேண்டுவோர் முன்மொழிவு எழுதவேண்டும், குழுவினர் வாக்களிப்பார்கள், மூலநிரலும் பிழைப்பதிவுகளும் ஃபாசில் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியின் களஞ்சியத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கின்றன. கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அங்கே உரையாடல் நடந்தது யூஸ்நெட் என்னும் பழைய இணைய விவாத வலையின் செய்திக்குழுவிலும் 1999 முதல் இயங்கும் டிசிஎல் விக்கியிலும். நம்மில் பலருக்கு அச்செய்திக்குழு கூகிள் குரூப்ஸ் வழியாகவே தெரிந்திருந்தது. 2024 பிப்ரவரியில் கூகிள் அந்த இணைப்பைத் துண்டித்ததும், கேள்வி கேட்க வந்துகொண்டிருந்த புதியவர்களுக்கு அந்த வாசலும் அடைபட்டது. பழையவர்கள் வேறு வழியில் உள்ளே சென்றுவிட்டார்கள். புதியவர்களுக்கு அப்படியோர் இடம் இருந்ததே தெரியாது.

ஆகவே நம் முதற்பணி கற்பிப்பதற்கும் முன்னதாக, இருக்கும் கூட்டத்தோடு போய்ச் சேர்வது என்பேன். நமக்கு அங்கே கொடுப்பதற்கும் ஒன்றுண்டு. 8.6 பதிப்பு எழுத்துகளை 16 பிட் அலகுகளில் கையாண்டது. தமிழின் வழக்கமான எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் முந்திரி, மாகாணி முதலிய பழைய பின்னக் குறிகளுக்கு 2019இல் யூனிகோடு 12.0 ஒதுக்கிய தமிழ் இணைப்புப் பகுதி அவ்வெல்லைக்கு அப்பால் இருக்கிறது. முந்திரிக் குறி ஒன்றின் நீளத்தைக் கேட்டால் 8.6 இரண்டு என்னும், 9.0 ஒன்று என்னும். நிரல்கோப்பைப் படிக்கும்போதும், முன்பு விண்டோஸ் கணினியின் குறியேற்றமே கொள்ளப்பட்டதால் தமிழ்க் குறிப்புரைகள் சிதைந்தன, 9.0 யூடிஎஃப்-8 (யூனிகோடு குறியேற்றம்) என்றே கொள்கிறது. தமிழ்ச் சரங்களைக் கொண்டு இவற்றையெல்லாம் சோதித்து, குறை கண்டால் பிழைப்பதிவாக எழுதும் வேலையை நம்மைவிட நன்றாக எவர் செய்வார்?

கணிமாலை

ஓப்பன்ரோடு, எஸ்டிசி பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். கற்பதற்குரிய பொதுத் தரவு இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. ஆயினும் எனக்கு இரு ஐயங்கள் எஞ்சியுள்ளன. முதலாவது, நீடிப்பு. தன்னார்வலர் இருவர் மூவர் ஆர்வத்தோடு தொடங்குவார்கள். ஒருவர் சிங்கப்பூருக்குப் போவார், இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கும். களஞ்சியம் அப்படியே நின்றுவிடும். இரண்டாவது, தமிழில் எழுதவேண்டும் என்ற குரல் இங்கே விரைவில் எழும் என்று எதிர்பார்க்கிறேன். நம் பொறியாளர்கள் ஆங்கிலத்தில் பயில்கிறார்கள். அலுவலகத்தில் ஆங்கிலமும் மலாயும் பேசுகிறார்கள். தமிழ் விளக்கத்தை எவர் படிப்பார்?

பழைய முனையம்

இரண்டாவது ஐயத்துக்கு முதலில் மறுமொழி தருகிறேன். இந்நாட்டில் தமிழ்க் கணிமை வளர்ந்த வரலாற்றை நண்பர் அறிவார். முத்து நெடுமாறன் அவர்களின் முரசு மென்பொருள் இங்கே உருவாகி உலகத் தமிழரைச் சென்றடைந்தது; 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. அக்காலத்தில் தஸ்கி முதலிய எட்டுபிட் குறியேற்றங்களில் நாம் எழுதினோம். பின்னர் யூனிகோடுக்கு மாறியபோது, பழைய கோப்புகள் அழிந்துபோகாமல் வந்துசேர்ந்ததற்குக் காரணம், இரண்டு குறியேற்றங்களையும் அறிந்த தன்னார்வலர்கள் மாற்றிகளை எழுதிப் பொதுவில் வைத்ததுதான். தஸ்கி என்றென்றும் வாழவேண்டும் என்று அவர்கள் முனையவில்லை. அதில் எழுதப்பட்டவை வாசிக்கத்தக்கனவாக இருக்கவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். டிசிஎல் குறித்தும் நான் வேண்டுவது அதுவே; மொழி தானும் வாழ்ந்தால் மகிழ்ச்சி கூடும்.

தமிழில் எவர் படிப்பார் என்றால், தமிழ்ப்பள்ளியில் பயின்று தொழிற்பயிற்சி நிலையத்துக்கு வரும் தொழில்நுட்பர் படிப்பார். சோதனை இயந்திரங்களை இரவுமுறையில் நடத்துபவர்களில் பலர் அவர்கள்தாம். பட்டப்படிப்புப் பொறியாளருக்கு ஆங்கிலக் கையேடு போதும். இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் நிரலைத் திறந்து பார்ப்பவருக்கு, நெளிவடைப்பு என்ன செய்கிறது என்பதைத் தாய்மொழியில் இரு பக்கங்களில் சொல்லித்தந்தால், அவர் அடுத்தமுறை பொறியாளரை எழுப்பவேண்டியிராது. இதை நான் ஓய்வுபெறுவதற்கு முன்பே செய்து பார்த்தேன். கையால் எழுதிய அந்த இரு பக்கங்களைப் படியெடுத்து வைத்துக்கொண்டவர்கள் நான் எதிர்பார்த்ததைவிடப் பலர்.

நீடிப்பு பற்றிய ஐயம் நியாயமானது. அதற்கு ஒரே பரிகாரம், பெரிதாகத் தொடங்காமல் இருப்பது. தனித்தளம் வேண்டாம், சங்கம் வேண்டாம், சின்னம் வேண்டாம். எழுதுவதை ஏற்கெனவே கால் நூற்றாண்டாக நிற்கும் விக்கியிலும் ஓப்பன்எஸ்டிஏ களஞ்சியத்திலும் சேர்த்துவிட்டால், நாம் இல்லாதபோதும் அவை அங்கே இருக்கும்.

ஆயர்ஈத்தாம்

வழிமொழிகிறேன். பணத்துக்கு வழியே இல்லை என்றும் எண்ணவேண்டாம். விமானப் போக்கைத் தொடரும் ஃபிளைட்அவேர் நிறுவனம் டிசிஎல் மேம்பாடுகளுக்குப் பரிசுத்தொகை அறிவித்ததுண்டு. இங்குள்ள நிறுவனங்களும் தாம் நம்பியிருக்கும் மொழிக்கு ஆண்டுக்கு ஒரு பொறியாளரின் சில நாள் உழைப்பையாவது ஒதுக்கவேண்டும் என்று மேலாளர்களிடம் கேட்கலாம். நான் கேட்கத்தான் போகிறேன்.

நிபோங்மாணவி

பிறைவாசி அண்ணா சொன்னபடி ஓப்பன்எஸ்டிஏ நிறுவி, எட்டு பிட் எண்ணியை வைத்து அறிக்கை பெற்றுவிட்டேன். கடிகாரத்தைக் குறைத்தபோது மிகைத்தொடர் (ஓர் இலக்கத்தின் மிகுதி அடுத்ததற்குக் கடத்தப்படும் தொடர்) செல்லும் பாதைதான் முதலில் பிந்தியது. மகிழ்ச்சியாக இருந்தது.

இப்போது வேறொன்றில் நிற்கிறேன். பழைய முனையம் ஐயா பயிற்சிக்கென்று புனைந்து அனுப்பிய இயந்திரப் பதிவுக் கோப்பையும், அதைத் தொகுக்கும் சிறு நிரலையும் 8.6இல் ஓட்டினேன், ஓடியது. ஆகஸ்டுப் பிழையையும் கண்டுகொண்டு, ஸ்கேன் கட்டளையால் எண்ணைத் தசமமாகப் படிக்கும்படி திருத்தினேன். அதே நிரலை 9.0இல் ஓட்டினால், கோப்பைப் படிக்கும்போதே முறையற்ற எழுத்து என்று கூறி நின்றுவிடுகிறது. வெப்பநிலை எழுதப்பட்ட வரியில்தான் ஒவ்வொரு முறையும் நிற்கிறது. முறையற்ற எழுத்தை எப்படிக் கையாள்வது என்பதைக் குறிக்கும் சுயவிவர அமைப்பை ‘ரீப்ளேஸ்’ என்று மாற்றினால் ஓடுகிறது; ஆனால் பாகைக் குறி இருந்த இடத்தில் கேள்விக்குறியிட்ட கட்டம் வருகிறது. இது சரியான தீர்வா?

பழைய முனையம்

சரியான தீர்வன்று, ஆனால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். பழைய இயந்திரங்கள் பாகைக் குறியை ஒற்றை பைட்டாக, லத்தீன்-1 குறியேற்றத்தில் எழுதின. அதனால் இக்கோப்பிலும் அப்படியே வைத்தேன். யூடிஎஃப்-8 இல் அந்த பைட் தனியே வர இயலாது. 8.6 அதைக் கண்டுகொள்ளாமல் லத்தீன்-1 என ஊகித்துக் கடந்துவிடும். 9.0 ஊகிக்க மறுக்கிறது. ரீப்ளேஸ் என்பது குறியை அழித்துவிட்டுத் தொடர்வது. சோதனைப் பதிவில் அது கூடாது. கோப்பைத் திறந்ததும் எஃப்கான்ஃபிகர் கட்டளையால் அந்த ஓடைக்கு மட்டும் குறியேற்றத்தை ஐஎஸ்ஓ 8859-1 என்று வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். விடையை எழுதும் கோப்பை யூடிஎஃப்-8 ஆகவே விடலாம். அதன்பின் 8.6, 9.0 இரண்டிலும் ஓட்டி, இரு விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிபோங்மாணவி

இரண்டிலும் ஒரே விடை வந்தது, ஐயா. நன்றி.

பிறைவாசி

அப்படியானால் இதுவே நம் முதல் பக்கமாக இருக்கட்டும். பிழைச்செய்தி, அது எழும் வரி, ரீப்ளேஸ் ஏன் கூடாது, எஃப்கான்ஃபிகர் வரி, இரு பதிப்புகளின் விடை ஆகியவற்றை மாணவி தமிழில் எழுதித் தரட்டும். ஆங்கில வடிவத்தை நான் எழுதி விக்கியில் சேர்க்கிறேன். ஆகஸ்டுப் பிழையைப் பழைய முனையம் ஐயா எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முந்திரிக் குறியோடு தொடங்கும் சரச் சோதனைகள் ஆயர்ஈத்தாம் பொறுப்பு. நண்பர் கணிமாலை, பைத்தானுக்கு மாற்றும்போது 012 போன்ற எண்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற பகுதியை எழுத எங்களுக்கு உங்களைப்போல் இரண்டும் அறிந்த ஒருவர் தேவை. எழுதித் தர இயலுமா?

கணிமாலை

எழுதித் தருகிறேன். பைத்தான் 3 தன் மூலநிரலில் 012 என்று எழுதுவதையே ஏற்காது; ஆனால் சரமாக வரும் 012ஐ எண்ணாக மாற்றச் சொன்னால் பன்னிரண்டு என்று கொள்ளும். 8.6இல் பத்து என்று கணக்கிட்டுவந்த அறிக்கைகளோடு ஒப்பிடுபவர் இங்கேதான் தடுமாறுவார். அதை எடுத்துக்காட்டோடு அடுத்த வாரம் இங்கே பதிகிறேன்; பிழை இருந்தால் விக்கியில் சேர்ப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.